ஒரே ஆங்கிலம், மூன்று பாடத்திட்டம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை அக்காவும் அவள் மகளும் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி ஏறிப் பினாங்குத் தீவுக்கு வந்தார்கள். பெண் படிவம் ஆறு முடித்துவிட்டாள். பல்கலைக்கழக நுழைவுக்கான எஸ்.டி.பி.எம். தேர்வு முடிவு நன்றாக வந்திருக்கிறது. லிட்டில் இந்தியாவில் தோசைக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்ததும் பையிலிருந்து மூன்று கற்றைத் தாள்களை எடுத்து மேசையில் பரப்பினாள். மூன்று பட்டப்படிப்புகளின் பாட அமைப்பு. பிங்க் ஹைலைட்டரால் கோடு கோடாகப் போட்டு வைத்திருந்தாள்.

“சித்தி, மூணுமே இங்கிலீஷ்தான். ஆனா உள்ள பாத்தா ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்ல.”

அக்காவுக்கு ஒரே ஆசை, பெண் டீச்சராக வேண்டும். அத்தானுக்கு ஒரே கேள்வி, இங்கிலீஷ் படித்து என்ன வேலை கிடைக்கும்? பெண்ணுக்குக் கதை படிக்கப் பிடிக்கும், அவ்வளவுதான். நான் ஆங்கில இலக்கியம் படித்தவள். பதினைந்து வருடமாக மொழிபெயர்ப்பும் பிழைதிருத்தமும்தான் என் பிழைப்பு. என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை இப்போதே ஒத்துக்கொள்கிறேன். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் பெயர்க் குழப்பம். பினாங்கு மிண்டனில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தை, அதாவது யூ.எஸ்.எம்.மையே எடுத்துக்கொள்வோம். ஒரே வளாகத்துக்குள் ஆங்கிலத்துக்கு மூன்று வாசல். மனிதவியல் புலத்தில் ஆங்கில மொழி, இலக்கியப் படிப்பு. மொழிகள், மொழிபெயர்ப்புப் புலத்தில் ‘இங்கிலீஷ் ஃபார் புரொஃபெஷனல்ஸ்’ என்ற பெயரில் வேலையிடத்து ஆங்கிலம். கல்வியியல் புலத்தில் ஆங்கிலம் கற்பிக்கும் பட்டம். பொதுவாக நாம் டெசல் என்று சொல்வதை இங்கே டெசோல் என்கிறார்கள். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் இதே கதைதான். கலை, சமூக அறிவியல் புலத்தின் ஆங்கிலத் துறைக்குப் போனால் இலக்கியம். மொழிகள், மொழியியல் புலத்துக்குப் போனால் மொழியியல். விண்ணப்பப் படிவத்தில் இரண்டும் ‘ஆங்கிலம்’ என்றுதான் கண்ணில் படும். பொதுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் யூ.பி.யூ.வில் அவசரத்தில் ஒன்றுக்கு இன்னொன்றை அழுத்திவிட்டு, முதல் வாரம் விரிவுரை மண்டபத்தில் திருதிருவென விழித்தவர்கள் என் காலத்திலேயே இருந்தார்கள்.

ஆகவே பெயரை விட்டுவிடுங்கள், மணிக்கணக்கைப் பாருங்கள். கல்வித் தகுதிகளை அங்கீகரிக்கும் எம்.கியூ.ஏ.வின் கணக்குப்படி ஒரு கிரெடிட் என்றால் மாணவர் செலவிட வேண்டிய 40 மணி நேரம். வகுப்பு, வீட்டில் படிப்பது, இடுபணி, தேர்வு எல்லாம் அதற்குள் அடக்கம். இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட். பெருக்கினால் 4,800 மணி நேரம். ‘எந்த ஆங்கிலம்’ என்ற கேள்விக்கு உண்மையான பொருள் இதுதான்: உன் வாழ்க்கையின் 4,800 மணி நேரத்தை எதில் போடப்போகிறாய்?

அதிலும் ஒரு பங்கு உன் கையில் இல்லை. எம்.பி.யூ. என்ற கட்டாயப் பொதுப் பாடங்கள் எல்லாருக்கும் உண்டு. 2019 வாக்கில் இஸ்லாமிய, ஆசிய நாகரிகங்கள் பற்றிய பழைய தீத்தாஸ் பாடம் போய், அறநெறியும் நாகரிகமும் பற்றி ஒன்று, தத்துவமும் நடப்புப் பிரச்சினைகளும் பற்றி ஒன்று என்று வந்திருக்கின்றன. புறப்பாட நடவடிக்கைக்கும் கிரெடிட் உண்டு. இவை மூன்று தாளிலும் ஒன்றுதான் என்பதால் பிங்க் கோட்டை அழித்துவிடச் சொன்னேன். மிச்சம் இருப்பதில்தான் ஒப்பீடே.

இலக்கியத் தாளை எடுத்தோம். முதல் ஆண்டில் கவிதை, புனைகதை, நாடகம் மூன்றுக்கும் அறிமுகம். அப்புறம் ஷேக்ஸ்பியர், பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல், நவீனக் கவிதை, அமெரிக்க எழுத்து, காலனியத்துக்குப் பிந்தைய இலக்கியம், இலக்கியக் கோட்பாடு. கடைசியில் ஆய்வேடு. கேட்க அழகாக இருக்கும். கணக்குப் போட்டால்தான் வயிற்றைக் கலக்கும்.

மூன்று கிரெடிட் பாடம் என்றால் 120 மணி நேரம். பதினான்கு வாரம், வாரம் மூன்று மணி வகுப்பு என்று வைத்தால் 42 மணி போய்விடும். மீதி 78. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தடித்த நாவல் ஒன்று மூன்று லட்சம் சொல்லைத் தொடும். நிமிடத்துக்கு 200 சொல் என்ற வேகத்தில் எழுத்து மாறாமல் படித்தால் 25 மணி நேரம். ஆனால் முதல் ஆண்டு மாணவி நிமிடத்துக்கு 200 சொல் படிக்க மாட்டாள். அகராதியைப் புரட்டுவாள், பாதி பக்கத்தில் தூங்கிப்போவாள். ஒரு பாடத்தில் இப்படி இரண்டு நாவல் இருந்து, ஒரே செமஸ்டரில் இப்படி மூன்று பாடம் எடுத்தால் என்ன ஆகும் என்று அவளையே கைப்பேசியில் கூட்டிப் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு கைப்பேசியைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இந்த வாசிப்புதான் இலக்கியப் படிப்பு தரும் ஒரே பெரிய சொத்து. மூன்றாம் ஆண்டு முடிக்கும்போது எந்தத் தாளை நீட்டினாலும் பயப்படாமல் படித்து, இதில் எழுதியவர் எதை மறைக்கிறார் என்று சொல்ல வரும். இன்று ஒப்பந்தப் பத்திரமும் ஆண்டறிக்கையும் மொழிபெயர்க்கிறேன். அந்தக் கண் எனக்கு நாவலிலிருந்து வந்ததுதான். அப்புறம், இலக்கியம் என்றாலே லண்டன் மழையும் பனிமூட்டமும் என்று நினைக்க வேண்டாம். மலேசிய, சிங்கப்பூர் ஆங்கில எழுத்துக்குத் தனிப் பாடம் வைக்கும் துறைகள் இங்கே உண்டு. கெடா பீடோங்கில் பிறந்த கே.எஸ். மணியம் மலாயாப் பல்கலைக்கழக ஆங்கிலத் துறையிலேயே பல வருடம் விரிவுரையாளராக இருந்தவர். தோட்டப்புறத்துத் தமிழ்க் குடும்பத்தின் கதையை ஆங்கிலத்தில் படித்து, அதற்கு ஆங்கிலத்தில் கட்டுரை எழுதும்போது, வகுப்பில் மற்றவர்களுக்கு அடிக்குறிப்பு வேண்டியிருக்கும் இடத்தில் நமக்கு வேண்டியிருக்காது. அந்த ஒரு செமஸ்டர் மட்டும் நான் வகுப்பில் வாய் திறந்து பேசினேன்.

குறை? வேலை என்று வரும்போது இலக்கியப் பட்டம் எந்தக் கதவையும் தானாகத் திறப்பதில்லை. எல்லாக் கதவையும் தட்டலாம், ஆனால் தட்டத்தான் வேண்டும். அத்தானின் கேள்விக்கு இதுதான் நேர்மையான பதில்.

இரண்டாவது தாள் மொழியியல். ஒலியியல், உருபனியல், தொடரியல், பொருண்மையியல், சமூக மொழியியல், உரையாடல் பகுப்பாய்வு. இங்கே தடித்த நாவல் கிடையாது. பயிற்சித் தாள்கள் உண்டு, ஒலிப்பதிவு உண்டு, மரவரைபடம் போல வாக்கியத்தைக் கிளை கிளையாகப் பிரிப்பது உண்டு, கடைசியில் புள்ளிவிவரமும் எட்டிப்பார்க்கும். விடை சரி அல்லது தப்பு என்று தெரிந்துவிடும் என்பதால், கட்டுரைக்கு ஏன் பி-பிளஸ் போட்டார்கள் என்று மூன்று நாள் மண்டையைக் குடைந்துகொள்ள வேண்டாம். கணக்கு, அறிவியல் பக்கம் மனம் சாயும் பிள்ளைகள் இலக்கியத்தில் மூச்சுத்திணறி, இங்கே வந்தால் பிழைத்துக்கொள்வார்கள்.

தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு இதில் ஒரு சின்ன வசதி இருக்கிறது, யாரும் அதைச் சொல்வதில்லை. தோசை வந்த இலையின் ஓரத்தில் ‘பம்பரம்’ என்று எழுதிக் காட்டினேன். வாய்விட்டுச் சொல்லச் சொன்னேன். இரண்டு பகரம், ஒரே எழுத்து. ஆனால் முதலில் வருவது உதட்டில் காற்று வெடிக்கிற ஒலி, மகரத்துக்குப் பின்னால் வருவது தொண்டை அதிர்கிற ஒலி. ஒரே ஒலியன், இடத்தைப் பொறுத்து இரண்டு முகம். முதல் ஆண்டு ஒலியனியல் வகுப்பில் இந்தக் கருத்தைப் புரியவைக்க இரண்டு வாரம் எடுப்பார்கள். அவள் விரலைத் தொண்டையில் வைத்து இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள், முடிந்தது. ழகரமும் அப்படித்தான். அனைத்துலக ஒலியெழுத்து அட்டவணையில் தலைகீழாக நிற்கும் சின்ன ஆர் எழுத்துக்கு வால் முளைத்தது போல ஒரு குறி உண்டு. மற்ற மாணவர்கள் நாக்கை எங்கே மடிப்பது என்று தடுமாறும்போது நாம் ‘வாழைப்பழம்’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். சமூக மொழியியலுக்கு வந்தால் கேட்கவே வேண்டாம். தமிழ், மலாய், ஆங்கிலம், ஹொக்கியன் எல்லாம் கலந்து பேரம் பேசும் ஊர் இது. பினாங்குச் சந்தையில் ஒரு மணி நேரம் நின்றால் இடுபணிக்கு வேண்டிய தரவு பையில் விழும்.

குறை என்னவென்றால், மொழியியல் படித்தால் ஆங்கிலம் தானாக மெருகேறும் என்று பலர் நம்புகிறார்கள். ஏறாது. மொழியைப் பற்றிப் படிப்பது வேறு, மொழியில் எழுதிப் பழகுவது வேறு. தொடரியலில் ஏ வாங்கிவிட்டு ஒரு பக்கம் கோவையாக எழுத முடியாதவர்களின் வரைவுகளை நான் மாதாமாதம் திருத்துகிறேன்.

யூ.எஸ்.எம்.மின் வேலையிடத்து ஆங்கிலம் இந்தக் குறையை நேராகக் குறிவைக்கிறது. பெயரே சொல்வதுபோல அலுவலகத்தில் எழுதுவதும் பேசுவதும்தான் அதன் மையம். பினாங்கில் இதற்குக் காரணமும் உண்டு. 1972ல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வலயம் வந்ததிலிருந்து, அதே ஆண்டு இன்டெல் வந்ததிலிருந்து, தீவின் பிழைப்பில் பெரும்பங்கு அந்தத் தொழிற்சாலைகளைச் சுற்றித்தான். அங்கே கையேடு எழுத, பயிற்சிக் குறிப்பு தயாரிக்க, வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் பதில் அனுப்ப ஆள் வேண்டும். அத்தானுக்கு இந்தப் படிப்புதான் பிடிக்கும் என்று சொல்லிச் சிரித்தோம். எனக்கு ஒரு தயக்கம். அலுவலக எழுத்தின் அச்சு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாறும், இப்போது இயந்திரமே முதல் வரைவைக் கொடுத்துவிடுகிறது. அந்த வரைவில் என்ன கோளாறு என்று கண்டுபிடிக்கும் ஆளுக்குத்தான் இனிச் சம்பளம். அந்தக் கண்ணை வளர்ப்பது அகன்ற வாசிப்புதான் என்பது என் கட்சி.

மூன்றாவது தாள் அக்காவின் தாள். டெசல். கணிசமான கிரெடிட் கல்வி உளவியலுக்கும் கற்பிக்கும் முறைக்கும் மதிப்பீட்டுக்கும் போய்விடும். அதற்கு மேல் பள்ளியில் போய் நின்று பாடம் நடத்தும் பயிற்சிக் காலம். மொத்தம் நான்கு வருடம். உள்ளே நுழைய நேர்முகத் தேர்வும் உண்டு. ஆகவே இலக்கியமோ மொழியியலோ இங்கே மெல்லியதாகத்தான் கிடைக்கும். பதிலுக்கு, முடிக்கும்போது கையில் ஒரு தொழில் இருக்கும். ஆங்கில ஆசிரியர்களுக்கு ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் சி1 நிலை வேண்டும் என்று 2015 முதல் 2025 வரையிலான சீர்திருத்தத் திட்டம் வலியுறுத்தியதால், டெசல் மாணவர்கள் அந்தத் தேர்வையும் மனதில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

அக்காவிடம் இரண்டு விஷயம் சொன்னேன். ஒன்று, போஸ்டிங் பட்டர்வொர்த்துக்கே வரும் என்று கனவு காணாதே, சபாவுக்கும் வரும், சரவாக்குக்கும் வரும். இரண்டு, டீச்சராவதற்கு இது ஒன்றே வழி இல்லை. இலக்கியமோ மொழியியலோ முடித்துவிட்டு, பிறகு கல்வியியலில் பட்ட மேற்படிப்பு டிப்ளோமா எடுத்துப் பள்ளிக்குப் போகிறவர்கள் உண்டு. கூடுதல் காலம் ஆகும், இடமும் எப்போது திறப்பார்கள் என்று காத்திருக்க வேண்டும். ஆனால் வழி அடைபடவில்லை. எதிர்த்திசையில் வருவதுதான் கடினம். இருபத்து மூன்று வயதில் வகுப்பறை ஒத்துவரவில்லை என்று தெரிந்துகொண்ட டெசல் பட்டதாரிக்கு, வேறு வேலை தேடும்போது ஒவ்வொரு இடத்திலும் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வு முடித்தவுடனேயே ஐ.பி.ஜி. என்ற ஆசிரியர் பயிற்சிக் கழகத்துக்குப் போயிருக்கலாமே என்று அக்கா இழுத்தாள். போயிருக்கலாம். கோலாலம்பூர் லெம்பா பந்தாயில் மொழிகளுக்கென்றே ஒரு வளாகம் இருக்கிறது. ஆனால் அது இரண்டு வருடத்துக்கு முன் எடுத்திருக்க வேண்டிய முடிவு. போன ஃபெர்ரிக்குக் கை காட்டிப் பயனில்லை.

தனியார் பல்கலைக்கழகங்களைப் பற்றி அதிகம் பேசவில்லை. செமினியில் இருக்கும் நாட்டிங்காம் பல்கலைக்கழக வளாகம் போன்ற இடங்களில் ஆங்கிலப் படிப்பு நன்றாகவே இருக்கும், கட்டணம் பல்லாயிரம் வெள்ளி. உதவிச் சம்பளம் கிடைத்தால் யோசிக்கலாம், இல்லாவிட்டால் பொதுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கக்கூடிய பிள்ளை அந்தக் கடனைத் தலையில் ஏற்றிக்கொள்ளத் தேவையில்லை.

இதுவரை சொன்னது எல்லாம் தாளின் மேல்பாதி. என்னைக் கேட்டால் முடிவு கீழ்ப்பாதியில்தான் இருக்கிறது. துணைப்பாடம், விருப்பப்பாடம் என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும் அந்தப் பகுதியை யாரும் படிப்பதில்லை. நண்பர்கள் எடுப்பதை எடுப்பார்கள், அல்லது வெள்ளிக்கிழமை வகுப்பு இல்லாததை எடுப்பார்கள். நானும் அப்படி ஒன்று எடுத்தேன். என்ன படித்தேன் என்று இப்போது ஞாபகம் இல்லை, வெள்ளிக்கிழமை மதியத் தூக்கம் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அந்த இடத்தில் மொழிபெயர்ப்பைப் போட்டுப் பாருங்கள். யூ.எஸ்.எம்.மில் மொழிபெயர்ப்புக்கென்றே தனிப் பட்டம் இருக்கிறது, அதாவது பாடம் நடத்த ஆள் அதே வளாகத்தில் இருக்கிறார்கள். இலக்கிய மாணவி அங்கே எந்தப் பாடத்துக்குள் நுழைய முடியும் என்று முதல் வாரமே போய்க் கேட்க வேண்டும். கோலாலம்பூர் என்றால் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை. 1956ல் தொடங்கிய துறை. ஆங்கிலம் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் அந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பது குறைவு. ‘தமிழ்தான் வீட்டில் இருக்கிறதே’ என்று நினைக்கிறார்கள். வீட்டில் இருப்பது பேச்சுத்தமிழ். நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக உட்கார வேண்டுமானால், சாட்சி சொல்வதை மலாயிலோ ஆங்கிலத்திலோ அந்த நிமிடமே சரியாகச் சொல்ல வேண்டும். மருந்துக் குறிப்பும் காப்புறுதிப் பத்திரமும் தமிழாக்க வேண்டுமானால் எழுத்துத்தமிழ் கைக்குள் இருக்க வேண்டும். இந்த மூன்று மொழியும் சேர்ந்து உருப்படியாகக் கைவந்தவர்களை நான் தேடிக்கொண்டே இருக்கிறேன். வேலை அதிகமானால் பங்கு போட ஆள் கிடைப்பதில்லை. பிறகு தேவைப்பட்டால் தலைநகரில் 1993ல் தொடங்கிய ஐ.டி.பி.எம். என்ற மொழிபெயர்ப்பு, நூல் நிறுவனம் மொழிபெயர்ப்புப் பயிற்சிகள் நடத்துகிறது, வேலை பார்த்துக்கொண்டே போகலாம்.

அடுத்தது வரிசை. எந்தப் பாடத்தை எப்போது எடுப்பது என்பதில் நான் அடிபட்டவள். எந்தப் பல்கலைக்கழகம் என்று வேண்டாம். கோட்பாட்டுப் பாடம் ஒன்றை, பயந்துபோய், மூன்றாம் ஆண்டுக்குத் தள்ளிவைத்தேன். அது ஒற்றைப்படை செமஸ்டரில் மட்டும் நடக்கும் பாடம், அதை முடிக்காமல் ஆய்வேடு பதிய முடியாது. இது கையேட்டில் இருந்தது, நான் படிக்கவில்லை. ஆலோசகராக இருந்தவரும் படிவத்தைப் பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டார். விளைவு, கூட்டாளிகள் எல்லாம் அங்கி அணிந்து படம் எடுத்துக்கொண்டிருந்தபோது நான் இன்னொரு செமஸ்டருக்கு அறை வாடகை கட்டிக்கொண்டிருந்தேன். ஆகவே முதல் நாளே ஒரு பெரிய தாளில் எல்லா செமஸ்டரையும் கட்டம் போட்டு, முன்தேவை உள்ள பாடங்களை அம்புக்குறியால் இணைத்து, கதவில் ஒட்டிவிட வேண்டும். அந்தத் தாளை என் அக்கா மகளுக்கு நானே வாங்கிக் கொடுத்தேன்.

முதல் ஆண்டைப் பழகும் ஆண்டு என்று விட்டுவிடவும் கூடாது. முதல் 30 கிரெடிட்டில் நான்குக்கு 2.80 சராசரி வாங்கிவிட்டால், மீதி 90 கிரெடிட்டிலும் முழுசாக 4.00 எடுத்தால்தான் மொத்தம் 3.70 வரும். முதல் வகுப்பு என்பது பெருமைக்கு மட்டும் இல்லை. பி.டி.பி.டி.என். என்ற அரசுக் கல்விக் கடன் எடுத்தவர்களில் முதல் வகுப்புக்காரர்களுக்குத் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்கு பெற வழி இருக்கிறது. குடும்ப வருமானம் போன்ற நிபந்தனைகள் அவ்வப்போது மாறும், சேரும் ஆண்டின் விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே முதல் செமஸ்டரில் தடித்த நாவல் பாடம் ஒன்றுக்கு மேல் வேண்டாம். ஒலியியலை அதோடு சேர்த்துக்கொள்ளலாம், இரண்டும் மூளையின் வேறு வேறு பக்கத்தைத் தின்னும். எம்.பி.யூ. பாடங்களை ஒரே செமஸ்டரில் குவிக்காமல், துறை அனுமதித்தால், நாவல் கனக்கும் செமஸ்டருக்கு ஒன்றாகத் தூவிவிடலாம். டியூஷன் எடுத்துச் சம்பாதிக்கும் ஆசை எல்லா ஆங்கில மாணவருக்கும் வரும். வாரத்துக்கு இரண்டு பிள்ளை போதும், ஐந்தாவது பிள்ளை வந்தால் கட்டுரை தூங்கிவிடும்.

சரி, என் முடிவு? வீட்டுக்குச் சீக்கிரம் சம்பளம் வேண்டும், வகுப்பறையும் பிடிக்கும் என்றால் டெசல்தான், அதில் வாதமே இல்லை. நாவலை எடுத்தால் கொட்டாவி வருகிறது என்றால் மொழியியல். என் அக்கா மகள் இரண்டிலும் சேராதவள். பதினான்கு வயதில் என் அலமாரியிலிருந்து எடுத்துப் போன புத்தகங்களில் பாதி இன்னும் திரும்பி வரவில்லை. அவளுக்கு மொழியும் இலக்கியமும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் படிப்பு, அதில் முதல் ஆண்டிலேயே ஒலியியல், இரண்டாம் ஆண்டிலிருந்து மொழிபெயர்ப்பு, பயிற்சி வேலைக்கு ஒரு பதிப்பகமோ பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையோ. மிண்டன் என்றால் வார இறுதியில் வீட்டுச் சாப்பாடும் கிடைக்கும். அக்கா அந்தக் கடைசி வரிக்கு மட்டும் தலையாட்டினாள்.

போன வாரம் யூ.பி.யூ. தேர்வு வரிசையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். முதலில் யூ.எஸ்.எம். ஆங்கில மொழி, இலக்கியம். இரண்டாவது டெசோல். அதற்குப் பக்கத்தில் பென்சிலில் ஒரே ஒரு சொல்: ‘அம்மாவுக்கு’.